வண்டிக்கு வந்த ஐந்து வரிகள்

இது இன்னும் முப்பது வருடம் கழித்து நடக்கிற கதை. அப்போது உங்களில் பாதிப் பேராவது இருப்பீர்கள். உங்களையும் யாராவது ஒருநாள் ஒரு வண்டியில் படுக்கவைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அதனால் பொறுமையாகக் கேளுங்கள், பயப்படாமலும் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் ஒரு மனிதரின் உடம்பைப் பற்றிய குறிப்பெல்லாம் ஒரே ஏட்டில் இருந்தது. காகித ஏடு இல்லை. மணிக்கட்டில் கட்டிய மெல்லிய பட்டைக்குள், பிறந்தபோது போட்ட ஊசியிலிருந்து நேற்று எடுத்த ரத்தம் வரைக்கும் அடக்கம். ஆனால் எல்லாரும் எல்லாவற்றையும் படித்துவிட முடியாது. யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் திறக்கும். டாக்டருக்கு முழுதும் திறக்கும். மருந்துக்கடைக்காரருக்கு மருந்துச் சீட்டு மட்டும். சாப்பாடு கொடுக்கிறவருக்கு உப்பா, உப்பில்லாமலா என்பது மட்டும். அந்தச் சட்டத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. சனங்கள் அதைப் 'பங்குச் சட்டம்' என்றார்கள். அவரவருக்கு அவரவர் பங்கு.

உயிருக்குப் போராடுகிறவரை ஏற்றிக்கொண்டு அலறிப் பறக்கிற வண்டிக்கு ஏடு முழுதாகத் திறந்துகொள்ளும். அதில் குறையே இல்லை. ஆனால் அவசரமில்லாத வண்டிகள் என்று ஒரு இனம் உண்டே, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து ஸ்கேனுக்கு என்று ஓசையில்லாமல் போய்வருகிறவை, அவற்றுக்கு ஐந்து வரிதான் வரும். பெயர், வயது, எடை, எங்கிருந்து எங்கே, படுத்தபடியா உட்கார்ந்தபடியா. அவ்வளவுதான். கண்ணாடிச் சாமான் ஏற்றுகிற லாரிக்குக்கூட 'உடையும்' என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுவார்கள்.

அப்படியொரு வண்டியில் இளவேனில் என்கிற பெண் பதினோரு வருடமாக உதவியாளராக இருந்தாள். முப்பத்தெட்டு வயது. நர்சிங் படித்தவள். எல்லாரும் வேணி என்பார்கள். வண்டியோட்டி பீர்முகமது. ஐம்பத்தெட்டு வயது. வண்டி பெரும்பாலும் தானே ஓடிக்கொள்ளும். ஆனாலும் கையைச் சக்கரத்திலிருந்து எடுக்க மாட்டார். "அது ஓட்டட்டும், நானும் ஓட்டறேன். ரெண்டு பேரு ஓட்டுனா வண்டிக்குக் கேடா?" என்பார்.

சித்திரை மாதத்து முற்பகல் ஒன்றில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில் அவர்களுக்கு ஐந்து வரி வந்தது. ஈஸ்வரமூர்த்தி. எழுபத்தொன்று. எழுபத்தெட்டு கிலோ. இங்கிருந்து ஆனைமலைக்குப் பக்கத்தில் தோட்டத்து வீடு. படுத்தபடி.

தள்ளுகட்டிலில் வந்தவர் வாட்டசாட்டமான மனிதர். முகம் மட்டும் கொஞ்சம் ஊதிப்போய் மஞ்சளாக இருந்தது. கூடவே அவருடைய மகன் கவின், அப்பாவின் செருப்பையும் பையையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அப்பா, நான் கார்ல முன்னால போறேன். ஏசி மாட்ட ஆளுங்க வர்றாங்க. நான் இல்லீனா அம்மா அவங்களைத் திருப்பி அனுப்சிரும்."

"ஏசி எதுக்குடா? வேப்பமரத்தடியில கட்டலப் போட்டாப் போச்சு."

"டாக்டரு வெயில் ஆகாதுன்னு சொன்னாருல்ல? வெயில் சூடுதான்பா எல்லாத்துக்கும் காரணம். ஒரு மாசம் ரெஸ்ட் எடுத்தா சரியாப்போயிரும்."

"நானும் அதைத்தான் நெனச்சேன்" என்றார் ஈஸ்வரமூர்த்தி. கையை நீட்டி மகனின் தலையை ஒரு தரம் தடவினார். "வெசையாப் போகாத. பாத்துப் போ."

வண்டி கிளம்பியது. வேணி போர்வையைச் சரி செய்யும்போது கால்களைப் பார்த்தாள். இரண்டு கணுக்காலும் வீங்கி மினுமினுவென்று இருந்தன. பெருவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. வெயில் சூட்டுக்கு ஏன் கால் வீங்க வேண்டும்? நெஞ்சா, ஈரலா, சிறுநீரகமா? மூன்றுக்கும் மூன்று விதமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஐயா, டாக்டரு என்னன்னு சொன்னாங்க உங்களுக்கு?"

"வெயில் சூடு அம்மிணி. நீதான் கேட்டுட்டு இருந்தியே."

"மூச்சு வாங்குதுங்களா? படுத்தா நெஞ்ச அடைக்குதுங்களா?"

"இத்தனை கேள்வி கேக்கறியே, உங்ககிட்ட அந்த டிவி இருக்குதே, அது சொல்லாதா?" என்று தலைமாட்டிலிருந்த பலகையைக் காட்டினார்.

வேணி பலகையைத் தொட்டுக் கேட்டாள். அது தேன் குழைத்த குரலில் சொன்னது: "இத்தகவல் வண்டியின் பங்கில் இல்லை."

ஈஸ்வரமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊட்டுப் பாகப் பிரிவினை மாதிரியல்ல இருக்குது! அந்தக் காலத்துல ஆம்புலன்ஸ்காரருக்கு எல்லாம் தெரியுமே?"

முன்னாலிருந்து பீர்முகமது பதில் சொன்னார். "தெரிஞ்சுதுங்க. தெரிஞ்சதை வெளியில போய்ச் சொன்னோம். அதுல வந்த வினைதான் இது. ஒரு புள்ளைக்கு நிச்சயம் ஆயிருந்துச்சுங்க. வலிப்புக்கு மாத்திரை சாப்புட்டுட்டு இருந்த புள்ள. ஒருக்கா எங்க வண்டியில வந்துச்சு. எங்க ஆளு ஒருத்தன் டீக்கடையில வாய் சும்மா இருக்காம அதைச் சொல்லிட்டான். மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருச்சு. கல்யாணம் நின்னுச்சு. அப்புறம் அந்தப் புள்ளையும் இல்லீங்க."

"அடக் கெரகமே."

"அந்த மாதிரி ஊருக்கு ஒண்ணு நடந்துச்சுங்க. அப்புறந்தான் பூட்டுப் போட்டாங்க. போட்டதுல தப்பில்லீங்க."

"அந்த ஆளு என்ன ஆனான்?"

பீர்முகமது சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி ஓட்டிட்டுத்தான் இருக்கான்" என்றார். இந்தக் கதையை வேணி பதினோரு வருடத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அந்த ஆள் யார் என்று மட்டும் அவள் கேட்டதே இல்லை.

அவள் ஆஸ்பத்திரிக்குப் பேசிப் பார்த்தாள். "சாரி மேடம், உங்க வண்டி அவசர வகை இல்லை" என்றது ஒரு பெண்குரல். அடுத்து மகனைக் கூப்பிட்டாள். வண்டியிலிருந்து பேசுகிற பேச்சு எல்லாமே பலகை வழியாகத்தான் போகவேண்டும், ஒலிபெருக்கியில், பதிவாகிக்கொண்டே. அதுவும் சட்டம். சொந்த போனில் பேசக்கூடாது.

"கவின் தம்பிங்களா? நான் வண்டியிலிருந்து பேசறனுங்க. அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்குது. அவருக்கு என்ன நோவுன்னு எனக்குத் தெரிஞ்சா கொஞ்சம் ஒத்தாசையா இருக்கும்."

அந்தப் பக்கம் கார் வேகம் குறைகிற சத்தம் வந்தது.

"ஸ்பீக்கர்ல இருக்கேனுங்களா?"

"ஆமாங்க. வண்டியில அப்படித்தான்."

"ஒண்ணுமில்லீங்க. வெயில் சூடுதான். வீக்னஸ். வேற ஒண்ணுமேயில்ல. பொறுமையாக் கூட்டிட்டு வாங்க போதும்."

"கவினு" என்று படுத்தபடியே குரல் கொடுத்தார் பெரியவர். "அம்மிணி என்னை நல்லாப் பாத்துக்குது. நீ ஏசிக்காரனைப் பாரு."

வேணியின் மேல்சட்டைப் பையில் அவளுடைய சொந்த போன் இருந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கி நின்று, அதில் கவினிடம் ஒரே ஒரு நிமிடம் பேசியிருந்தால் போதும். அந்த நினைப்பு அவளுக்கு அப்போதே வந்தது. போன வருடம் அப்படிப் பேசிய ஒருத்திக்கு மூன்று மாதம் அனுமதியை நிறுத்திவிட்டார்கள் என்கிற நினைப்பும் கூடவே வந்தது. மகனே சொல்லிவிட்டானே, பிறகென்ன என்று இருந்துவிட்டாள். பிற்பாடு அவள் ஆயிரம் தடவை திரும்பிப் போய் நின்ற இடம் அதுதான்.

கிணத்துக்கடவைத் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் தேங்காய் நார் ஏற்றிய லாரி ஒன்று குடைசாய்ந்து, நார்க் கட்டுகள் சாலை முழுக்க உருண்டு கிடந்தன. எடுக்க முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். மேலே வெயில் காய்ந்தது. நின்ற வண்டியில் ஏசி பாதிதான் வேலை செய்தது. பெரியவருக்கு வியர்த்து நெஞ்சுச் சட்டை நனைந்தது. வேணி பின்கதவைத் திறந்துவைத்து, ஒரு அட்டையை எடுத்து விசிறினாள்.

திறந்த கதவுக்கு நேராக, புளியமரத்தடியில் ஒரு இளநீர்க் கடை இருந்தது.

ஈஸ்வரமூர்த்தி தலையைத் தூக்கிப் பார்த்தார். "அம்மிணி, ஒரு எளநி குடிக்கட்டா?"

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சித்திரை வெயிலில் ஒரு பெரிய மனிதர் வியர்த்துப் படுத்திருக்கிறார். வெயில் சூடு என்று மகன் சொல்கிறான், அவரும் சொல்கிறார். நம் ஊரில் சூட்டுக்கு இளநீரைத் தவிர வேறு என்ன கொடுப்பார்கள்? களைத்து வந்தவருக்கு இளநீர், காய்ச்சல் விட்டவருக்கு இளநீர். கோக்கோ கோலா கேட்டிருந்தால் வேணி மாட்டேன் என்றிருப்பாள். இளநீருக்கு யார் மறுப்பது? அவள் சந்தோஷமாகத்தான் இறங்கிப் போனாள்.

கடைக்காரர் ஒரு சிவப்புக் காயை எடுத்தார். வண்டிக்குள்ளிருந்து அதட்டல் வந்தது.

"ஏப்பா, செவ்வெளநிய வெச்சுரு. பச்சைய எடு. அது இல்ல, அதுக்கு இக்கட்டால, இந்தப் பக்கம். காம்புகிட்ட வெளுத்திருக்குது பாரு, அது."

"அடேயப்பா!" என்றார் கடைக்காரர். "ஆஸ்பத்திரி வண்டியில படுத்துக்கிட்டு காய் பொறுக்கறாரு பாரு! தோட்டக்காரருங்களா?"

"நாலு ஏக்கரா. நீ வெட்டறது என் காயாக்கூட இருக்கும். மெதுவா வெட்டு, தண்ணி சிந்துது."

பெரியவரை வேணி சாய்த்து உட்காரவைத்தாள். அவர் உறிஞ்சுகுழல் வேண்டாமென்று அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைக் கடைக்காரர்கூட நின்று பார்த்தார். முடித்ததும் மட்டையைச் சீவிக் கொடுக்கச் சொல்லி வழுக்கையை வழித்துத் தின்றார்.

"நாப்பது வருசமா லோடு லோடா ஏத்தி அனுப்புனேன் அம்மிணி. டெல்லி வரைக்கும் போச்சு. ஒக்காந்து நிதானமா நான் ஒண்ணு குடிச்சதில்ல. மரத்துல காய் இருக்குதுங்கற தெனாவெட்டு. எப்ப வேணும்னாலும் குடிச்சுக்கலாம்னு."

"இப்ப குடிச்சாச்சுல்லீங்க?"

"இன்னொண்ணு."

இரண்டாவதும் வந்தது. பீர்முகமதுவுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கச் சொன்னார். மூன்றாவது கேட்டபோது வேணி தயங்கினாள். "போதுமுங்க ஐயா. வழியில ஒண்ணுக்கு வந்தா எங்க நிறுத்தறது?"

"வராது அம்மிணி" என்றார். "ஊட்டுக்குப் போயிட்டா எம் பொண்டாட்டி எனக்கு ஒண்ணும் கொடுக்க மாட்டா. கஞ்சி கஞ்சின்னு கொல்லுவா. இதோட சரி."

மூன்றாவதை மெல்ல மெல்ல, நிறுத்தி நிறுத்திக் குடித்தார்.

லாரியை அகற்றி, வண்டிகள் ஊர்ந்து, பொள்ளாச்சிக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும்போது அவர் சொன்னார்: "காலு மதமதங்குது அம்மிணி. என் காலு மாதிரியே இல்ல."

வேணி நாடியைப் பிடித்தாள். ஐம்பத்திரண்டு. கொஞ்ச நேரத்தில் நாற்பத்தேழு. கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். பிடிக்க வரவில்லை. அவள் பலகையிலிருந்த 'அவசரம்' பொத்தானை அழுத்தினாள்.

"அவசரநிலை உறுதியாகவில்லை. நாடித்துடிப்பு நாற்பதுக்கு மேல் உள்ளது."

"அண்ணா, வெசையா!"

"எப்புடிக் கண்ணு?" பீர்முகமது கத்தினார். முன்னால் இரண்டு பஸ்ஸும் ஒரு டிராக்டரும் அடைத்துக்கொண்டு போயின. அவசரம் உறுதியாகாத வரைக்கும் அந்த வண்டிக்கு ஊதுகிற சங்கும் வேலை செய்யாது. அவர் கையால் கதவில் தட்டித் தட்டி வழி கேட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவசரமில்லை என்று பச்சைக் கோடு போட்ட வண்டிக்கு யார் ஒதுங்குவார்கள்?

நாற்பத்து நான்கு. அழுத்தினாள். உறுதியாகவில்லை. நாற்பத்திரண்டு. உறுதியாகவில்லை. ஒரு மனிதரின் நெஞ்சு எப்போது நாற்பதுக்குக் கீழே இறங்கும் என்று வேணி காத்திருந்தாள். இறங்காதே என்று வேண்டவும் முடியவில்லை, இறங்கு என்று வேண்டவும் முடியவில்லை. நான்கு நிமிடம் அப்படிப் போயிற்று.

முப்பத்தொன்பது. சங்கு தானாக அலறத் தொடங்கியது. பலகையில் ஏடு திறந்தது. நான்கு பக்கம். அவசரத்தில் எது முக்கியமோ அதைப் பலகையே முன்னால் தள்ளும். அது தள்ளியது நான்காம் பக்கத்தை. சிவப்பு எழுத்தில் இருந்தது: 'சிறுநீரகம் இரண்டும் செயலிழக்கும் நிலை. ரத்தத்தில் பொட்டாசியம் மிகுதி. வாழைப்பழம், பழச்சாறு கூடாது. இளநீர் ஒரு வாய்கூடக் கூடாது. உயிருக்கு ஆபத்து.'

வேணி அந்த வரியை இரண்டாம் முறை படிக்கவில்லை. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, "மூணு எளநி குடிச்சிருக்காருங்க, கிட்னி கேஸுங்க, நாடி முப்பத்தஞ்சு" என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவர்கள் வாசலிலேயே ஊசியோடு நின்றார்கள். அந்த ஊசி அவளுடைய வண்டியில் இல்லை. அவசரமில்லாத வண்டிக்கு அது எதற்கு?

இறக்கும்போது ஈஸ்வரமூர்த்திக்கு இன்னும் நினைவு இருந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தார். என்னமோ சொல்ல வந்தார் போலிருந்தது. "நல்லா இருந்துச்சு" என்றார். பிறகு உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இருபத்தைந்து நிமிடம் பாடுபட்டார்கள்.

வெளியே வந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். அவரே அழுதுவிடுவார் போலிருந்தார். "நமக்கெல்லாம் கிட்னி வேண்டாததை வெளிய தள்ளிருமுங்க. இவருக்குத் தள்ள வழியில்லை. எளநியில இருக்கற பொட்டாசியம் உள்ளயே ஏறி நெஞ்சை நிறுத்திருச்சு. எளநி கொடுத்தது யாரு?"

"நான்தானுங்க" என்றாள் வேணி.

அப்போதுதான் பின்னால் யாரோ நிற்பதைப் பார்த்தாள். கவின். அப்பாவிடம் ஏசி என்று சொல்லிவைத்திருந்த, ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினை வீட்டில் இறக்கிக்கொண்டிருந்தவன் போன் வந்ததும் அப்படியே ஓடிவந்திருந்தான். சட்டையெல்லாம் அட்டைப்பெட்டித் தூசி. டாக்டர் சொன்னதையும் அவள் சொன்னதையும் கேட்டுவிட்டான். அவளைத் திட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வேணி வண்டிக்குத் திரும்பினாள். பலகையில் ஏடு இன்னும் திறந்திருந்தது. உள்ளே டாக்டர் இறந்த நேரத்தைப் பதிந்ததும் அது மூடிக்கொள்ளும். அப்புறம் யாருடைய பங்கிலும் இராது. என்ன தேடுகிறோம் என்று தெரியாமலே அவள் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அடியில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. ஏட்டை இதுவரை யார் யார் திறந்தார்கள், எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம்.

டாக்டர்கள் பெயர் இருந்தது. கவின் பெயர் ஏழு தடவை. அதற்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: 'நோயாளியிடம் தெரிவிக்க வேண்டாம், மகனின் வேண்டுகோள்.' கடைசியாக ஒரு பெயர். அன்று காலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். ஆஸ்பத்திரி முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். தன் பட்டையைத் தானே, தன் கட்டைவிரலை வைத்துத் திறந்தவர் ஈஸ்வரமூர்த்தி. யாருக்கு எதைப் பூட்டினாலும் அவரவர் விரலுக்கு அவரவர் ஏடு திறக்கும். அதை மகன் மறந்துவிட்டிருக்கிறான்.

வேணி அந்த வரியைக் கடைசிவரை படித்தாள். படித்து முடிக்கவும் பலகை இருண்டுபோகவும் சரியாக இருந்தது.

விசாரணை இரண்டே நாளில் முடிந்தது. உதவியாளர் தன் பங்குக்கு உட்பட்டுச் சரியாகவே நடந்துகொண்டார், குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதிலேயே கீழே இன்னொன்றும் இருந்தது: திறந்த ஏட்டில் கண்டதை வெளியே யாரிடமும், குடும்பத்தாரிடமும்கூடச் சொன்னால் அனுமதி நிரந்தரமாகப் பறிபோகும். அப்புறம் எந்த வண்டியிலும் ஏற முடியாது. வேணி கையெழுத்துப் போட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் கவின் வண்டிகள் நிற்கிற கொட்டகைக்கு வந்தான். மொட்டைத் தலை, மழித்த முகம். பீர்முகமது எழுந்து அவனுக்கு நாற்காலி போட்டார். உட்காரவில்லை.

"அக்கா, உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தனுங்க."

"நீங்க எதுக்குத் தம்பி? கொடுத்தது என் கை."

"கொடுக்க வெச்சது நானுங்க. நீங்க போன்ல தெளிவாக் கேட்டீங்க. அப்பா கேட்டுட்டு இருக்காருன்னு நான் பொய் சொன்னேன். அவருக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாருன்னு... எங்க பெரியப்பா அப்படித்தான் போனாரு, நோவுன்னு கேட்டதும் சோறு எறங்காம. அதான் அப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு நெனச்சேன். தெரிஞ்சிருந்தா அவரே எளநியத் தொட்டிருக்க மாட்டாரு. ஒரு வார்த்தையில கொன்னுட்டேன். ராத்திரியெல்லாம் அம்மா கேக்குது, 'எளநிதானே, அதுல என்னடா இருக்குது?'ன்னு. என்ன சொல்லுவேன்?"

பத்துப் பதினைந்து நாளாகச் சாப்பிட்ட முகம் இல்லை அது. இந்தப் பிள்ளையை இப்படியே அனுப்பினால் இவனும் நிற்க மாட்டான் என்று வேணிக்குத் தோன்றியது. அவளிடம் ஒரு சேதி இருந்தது. அதைச் சொன்னால் அவளுக்கு இந்தக் கொட்டகையில் இடமில்லை. அவள் பீர்முகமதுவைப் பார்த்தாள். அவருக்கு என்ன புரிந்ததோ, "நான் வண்டி கழுவறேன், தண்ணி சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்காது" என்று எழுந்து போனார்.

"தம்பி, நான் சொல்றதை வெளிய விட்ராதீங்க. அப்பாவுக்குத் தெரியும்."

கவின் நிமிர்ந்தான்.

"அன்னைக்கு விடியக்காலம் அவரே ஏட்டைத் தொறந்து பாத்திருக்காருங்க. கிட்னி போச்சுன்னு அவருக்குத் தெரியும்."



"அப்புறமாத்தான் நான் போய் வெயில் சூடுன்னு சொன்னேன்" என்றான் கவின். "நானும் அதைத்தான் நெனச்சேன்னு சொல்லி என் தலையத் தடவுனாரு. என்னோட பொய்ய வாங்கி வெச்சுக்கிட்டாரு, நான் சங்கடப்படக் கூடாதுன்னு." அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பா இறந்த அன்றுகூட அவன் இப்படி அழவில்லை. வேணி அழவிட்டாள். அழுது கொஞ்சம் ஓய்ந்ததும் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். மூக்கைத் துடைத்தான். அப்போதுதான் அந்தப் பயம் அவன் கண்ணில் வந்தது.

"அக்கா. எளநி கூடாதுன்னு எழுதியிருக்கறது நாலாம் பக்கமுங்க. எனக்கு மனப்பாடம். அப்பா நாலாம் பக்கம் வரைக்கும் போனாரா?"

வேணி வண்டி கழுவுகிற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நோவு தெரியும்னா பரவாயில்லீங்க. ஆனா எளநி ஆகாதுன்னு தெரிஞ்சே, மூணு குடிச்சாருன்னா... என்னையும் அம்மாவையும் வேண்டாம்னு விட்டுட்டுப் போனாருன்னுதானே அர்த்தம்? மெஷின்ல படுத்துக் கெடக்கறதுக்கு இது மேல்னு. எனக்கு அது தாங்காதுங்க. மொத்தம் எத்தனை நேரம் படிச்சாரு? ஏட்டுல அது பதிஞ்சிருந்துச்சா?"

"அஞ்சு நிமிசமுங்க."

"அஞ்சா?" அவன் முகத்தில் கணக்கு ஓடியது. "அப்பா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாரு. ஒதட்டை அசைச்சு அசைச்சு. கல்யாணப் பத்திரிகைய முடிக்கறதுக்கே பத்து நிமிசம் வேணும். அஞ்சு நிமிசத்துல மொதப் பக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டாரு. இல்லீங்களா?"

"தாண்டியிருக்க மாட்டாருங்க" என்றாள் வேணி.

"கிட்னின்னு பாத்ததும் மூடி வெச்சிருப்பாரு."

"ஆமாங்க. எனக்கும் அப்படித்தான் படுது."

"வெயிலுக்கு ஆசையாக் குடிச்சிருக்காரு. அவ்வளவுதான்."

"ஆசையாத்தானுங்க குடிச்சாரு. காய் பொறுக்குனாரு. கடைக்காரரை ஒரு அதட்டு அதட்டுனாரு."

கவின் சிரித்தானா அழுதானா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டான். அம்மாவிடம் போய் அந்த அதட்டலைச் சொல்ல வேண்டும் என்றான். பீர்முகமது டீ வாங்கிவந்து கொடுத்தார். அதைக் குடித்தான், கூட ஒரு பன்னும் சாப்பிட்டான். எழுந்து போகும்போது வந்ததைவிடக் கொஞ்சம் நேராக நடந்தான்.

அவன் எங்கேயும் வாயைத் திறக்கவில்லை. வேணியின் அனுமதியும் போகவில்லை. இன்றைக்கும் அவளுக்கு ஐந்து வரி வருகிறது, ஏற்றுகிறாள், இறக்குகிறாள். கவின் மாதம் ஒருதரம் போன் பண்ணி அக்கா நல்லா இருக்கீங்களா என்று கேட்கிறான்.

பட்டியலின் கடைசி வரியில் இருந்ததை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். முதல் பக்கம், பன்னிரண்டு நொடி. இரண்டாம் பக்கம், ஒன்பது. மூன்றாம் பக்கம், பதினொன்று. நான்காம் பக்கம், நான்கு நிமிடம் இருபது நொடி.